ஒற்றைச் சரக்கை நம்பிய நாடு: இந்தோனேசியாவின் அனுபவம்

(தோட்டத் தொழிலாளர்களுக்கும் கிராணிமார்களுக்கும் நடந்த தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எண்ணெயை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரு நாடு, பல தொழில்களை நம்பி வாழும் நாடாக மாறுவது எப்படி? அந்த மாற்றத்தின் பலன் யாருக்குப் போகிறது, பாரம் யார் தலையில் விழுகிறது? இதுவே இன்று நாம் ஆராய இருக்கும் விஷயம். நம்முடைய கத்திக்கும் வாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு.

ஒற்றைச் சரக்கை நம்பி வாழ்வது எப்படிப்பட்ட வாழ்வு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொரியா யுத்தம் மூண்டபோது ரப்பர் விலை மேலே பறந்தது. 1951ஆம் ஆண்டுக்குப் பின் அது சரிந்தது. விலை சரிந்ததும் கூலியும் சரிந்தது. மரத்தை நாம் முன்போலத்தான் சீவினோம். பாலும் முன்போலத்தான் வடிந்தது. எங்கோ தூர தேசத்துச் சந்தையில் ஒரு விலை மாறியது. நம் வீட்டு அடுப்பில் உலை வைப்பது குறைந்தது. ஒரு தோட்டத்துக்கு நேர்வது ஒரு நாட்டுக்கும் நேரும். அப்படி நேர்ந்த நாடு ஒன்று நமக்கு மிக அருகில், மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறது. அதுதான் இந்தோனேசியா.

எண்ணெய் வந்த வழி

வட சுமத்ராவில் லங்காட் என்ற பகுதி இருக்கிறது. புகையிலைக்கும் ரப்பருக்கும் பேர்போன டெலிச் சீமைக்கு அடுத்த பூமி. நம் மூதாதையரின் உறவினர் பலர் கூலிகளாகக் கப்பலேறிப் போன சீமையும் அதுவே. மேடான் நகரில் அவர்கள் வழிவந்த தமிழர் இன்றும் வாழ்கிறார்கள். அந்த லங்காட்டில் 1885ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் தோண்டிய கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. 1944இல், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், ரியாவ் பகுதியில் மினாஸ் என்ற இடத்தில் மாபெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிந்து நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1950களில், அந்த எண்ணெய் உலகச் சந்தைக்குப் பாய்ந்தது. 1962இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் இந்தோனேசியா சேர்ந்தது.

ஆனால் 1966இல் அந்த நாடு இருந்த நிலை பரிதாபம். அந்த ஆண்டு விலைவாசி 600 சதவிகிதத்துக்கும் மேல் ஏறியது. காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் மதிப்பிழந்தது என்று சொல்லும்படியான காலம். அதற்குச் சற்று முன்னும் அந்த ஆண்டிலும் அரசியல் படுகொலைகள் நடந்தன. பல லட்சம் உயிர்கள் பலியாயின. நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்க சம்மேளனம் தடை செய்யப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களின் சங்கமான சர்புப்ரியும் அதோடு அழிந்தது. நம்மைப்போல் மரம் சீவியவர்களின் சங்கம் அது. ஜெனரல் சுகார்த்தோவின் ஆட்சி இப்படித்தான் தொடங்கியது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1973இல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. ஒரு பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் 12 டாலர் அளவுக்கு உயர்ந்தது. 1979இல் ஈரானில் புரட்சி. அதன்பின் விலை 30 டாலரையும் தாண்டியது. இந்தோனேசியாவின் கஜானாவில் பணம் வெள்ளமாக வந்து விழுந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 80 சதவிகிதம் எண்ணெயும் எரிவாயுவும்தான். அரசாங்கத்தின் உள்நாட்டு வருவாயில் ஏறத்தாழ 70 சதவிகிதமும் அதுவே. ஒரு நாடு முழுவதும் ஒற்றைக் காலில் நின்றது.

பணம் இருந்தும் கடன்

திடீர்ப் பணம் என்ன செய்யும் என்பதற்கு முதல் பாடம் 1975இல் கிடைத்தது. பெர்த்தாமினா என்பது அரசாங்கத்தின் எண்ணெய்க் கம்பெனி. அதன் தலைவர் ஜெனரல் இப்னு சுத்தோவோ. எண்ணெய்க் கம்பெனி எண்ணெய் வேலையைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. உருக்காலை, கப்பல்கள், ஹோட்டல்கள் என்று கால் பரப்பியது. கையில் உள்ள பணம் போதாமல் வெளிநாட்டு பாங்குகளில் குறுகிய காலக் கடன் வாங்கியது. 1975இல் தவணை கட்ட முடியாமல் கைவிரித்தது. கணக்கைத் திறந்து பார்த்தபோது, மொத்தக் கடனும் பொறுப்புகளும் 1,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தன. நாட்டின் மானம் கப்பலேறாமல் காக்க அரசாங்கமே அந்தக் கடனை ஏற்றுக்கொண்டது. 1976இல் ஜெனரல் பதவியிலிருந்து விலக்கப்பட்டார்.

உலகத்தில் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த காலத்தில், எண்ணெய்க் கம்பெனியே கடனில் மூழ்கியது! கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு பணம் வந்தாலும் போதாது. கிளைச் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் படிக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுதான்.

எண்ணெய் உயர, ரப்பர்க்காரன் தாழ்ந்தான்

தோழர்களே, இனிச் சொல்லப்போவதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். கிராணிமார்கள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நாட்டுக்குள் எண்ணெய்ப் பணம் வந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று நினைப்போம். அப்படி இல்லை. ஜாம்பியிலும் பாலெம்பாங் பக்கத்திலும் மேற்குக் கலிமந்தானிலும் லட்சக்கணக்கான சிறு ரப்பர்த் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசிய ரப்பரில் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது. அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ரப்பருக்கு உலகச் சந்தையில் 1 டாலர் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1971இல் ஒரு டாலருக்கு 415 ருப்பியா என்று அரசாங்கம் மாற்று விகிதத்தைக் கட்டி வைத்தது. 1978 வரையில் அதே 415தான். எண்ணெய்ப் பணம் டாலராகக் குவிந்துகொண்டிருந்ததால் அந்த விகிதத்தைப் பிடித்து வைப்பது சுலபமாக இருந்தது.

ஆனால் அதே பணம் நாட்டுக்குள் செலவானபோது விலைவாசியை ஏற்றிவிட்டது. 1971க்கும் 1978க்கும் இடையில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. முன்பு 415 ருப்பியாவுக்கு வாங்கிய அரிசி, துணி, மீன், உப்பு எல்லாவற்றையும் வாங்க இப்போது 1,200 ருப்பியாவுக்கு மேல் வேண்டும். அவர் கையில் வந்ததோ அதே 415. உலகச் சந்தையில் ரப்பர் விலை ஏறும் ஆண்டில் இந்தக் குறை மறைந்திருக்கும். இறங்கும் ஆண்டில் வயிற்றில் தெரியும். அவர் சோம்பியிருக்கவில்லை, மரமும் பட்டுப்போகவில்லை. எண்ணெய் அவருடைய உழைப்பின் விலையைத் தின்றுவிட்டது.

காப்பி பயிரிட்டவருக்கும் மிளகு பயிரிட்டவருக்கும் துணி நெய்தவருக்கும் இதே கதிதான். வெளிநாட்டுச் சாமான் மலிவாக வந்து இறங்கியது; உள்நாட்டில் செய்த சாமான் விலை போகவில்லை. இப்படியே விட்டிருந்தால் எண்ணெயைத் தவிர மற்ற தொழில்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடியிருக்கும். எண்ணெய் வளம் பெற்ற நாடுகள் பலவற்றில் அப்படித்தான் நடந்திருக்கிறது. பிறகு எண்ணெய் விலை விழும் நாளில் கை ஊன்ற வேறு ஒன்றும் இருக்காது.

1978 நவம்பர் 15ஆம் நாள் இந்தோனேசிய அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. ஒரு டாலருக்கு 415 என்பதை 625 ருப்பியாவாக மாற்றியது. அப்போது கஜானா காலியாக இல்லை. அந்நியச் செலாவணி கையில் இருந்தது. சாதாரணமாக நாடுகள் திவாலாகும் நிலையில்தான் நாணய மதிப்பைக் குறைக்கும். இவர்களோ, எண்ணெய் அல்லாத சரக்கை விளைவிப்பவனும் செய்பவனும் பிழைக்க வேண்டும் என்று கருதி, கையில் பணம் இருக்கும்போதே குறைத்தார்கள். விட்ஜோஜோ நிதிசாஸ்திரோ, நிதி மந்திரி அலி வர்தானா முதலிய பொருளாதார நிபுணர்கள் வகுத்த வழி இது. இறக்குமதிச் சாமான் வாங்கிய நகரவாசிகளுக்கு அது கசந்தது. ரப்பர்க்காரருக்கோ அதே ஒரு டாலருக்கு 415க்குப் பதில் 625 ருப்பியா கிடைத்தது.

நிலத்திலும் பள்ளியிலும் போட்ட பணம்

வந்த பணம் எல்லாம் விரயமாயிற்று என்று சொன்னால் அது நியாயமாகாது. இரண்டு இடங்களில் போட்ட பணம் நிலைத்து நின்றது.

ஒன்று, நெல் வயல். 1970களின் பிற்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடு இந்தோனேசியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன் வெளியிலிருந்து வந்தது. எண்ணெய்ப் பணத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், அணைகளைச் செப்பனிட்டார்கள். எரிவாயுவைக் கொண்டு யூரியா உரம் செய்யும் ஆலைகளை நிறுவினார்கள். அந்த உரத்தை மானிய விலையில் விவசாயிக்குக் கொடுத்தார்கள். புதிய நெல் வித்துக்கள் வந்தன. நெல்லுக்கு அடிவிலை நிர்ணயம் ஆயிற்று. 1984இல் நாடு தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டது.

மற்றொன்று, பள்ளிக்கூடம். 1973க்கும் 1979க்கும் இடையில் 61,000க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகள் கட்டப்பட்டன. பள்ளி இல்லாத கிராமங்களுக்கு முதலிடம் தரப்பட்டது. 1973இல் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 69 சதவிகிதம் பேர் படித்தார்கள். 1978இல் அது 83 சதவிகிதம் ஆயிற்று. அந்தப் பிள்ளைகள்தான் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆலைகளில் எந்திரத்தின் முன் நின்றவர்கள். எண்ணெய் பூமியிலிருந்து ஒரு முறைதான் வரும். அதை விற்ற காசு பிள்ளையின் படிப்பாக மாறினால் அந்தக் காசு செத்துப்போவதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்துக்காக நம் முன்னோர் நடத்திய போராட்டத்தின் அருமை இதிலும் விளங்கும்.

விலை விழுந்த நாள்

1982 முதல் எண்ணெய் விலை தளர்ந்தது. 1986இல் ஒரு பீப்பாய் 10 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. நைஜீரியா, வெனிசுலா, மெக்சிகோ போன்ற எண்ணெய் நாடுகள் கடனில் தத்தளித்தன. இந்தோனேசியாவும் ஆடியது, ஆனால் விழவில்லை. அவர்கள் செய்தவை சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

1983 மார்ச்சில் நாணய மதிப்பை மறுபடியும் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 970 ருப்பியா ஆயிற்று. 1986 செப்டம்பரில் அது 1,644 ஆயிற்று. எண்ணெய் வருவாய் போன இடத்தை நிரப்ப வருமான வரியைத் திருத்தினார்கள். 1985இல் விற்பனைப் பொருள்கள்மீது 10 சதவிகித வரி போட்டார்கள். பணம் விழுங்கும் பெரிய திட்டங்களை ஒத்தி வைத்தார்கள்.

துறைமுகத்தில் ஒரு புரட்சியே நடந்தது. சுங்க இலாகாவில் லஞ்சம் இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது என்ற நிலை. 1985இல் ஆயிரக்கணக்கான சுங்க அதிகாரிகளை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, சரக்குச் சோதனையைச் சுவிட்சர்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். சரக்கு சீக்கிரமாக வந்தது, போனது. 1986 மே மாதத்தில், வெளிநாட்டுக்கு விற்பதற்காகச் சாமான் செய்பவர்கள் கச்சாப் பொருளை வரியில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார்கள்.

பலன் என்ன? துணி, உடுப்பு, காலணி, ஒட்டுப்பலகை, மின்சாதனம் ஆகியவை ஏற்றுமதியாயின. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் முதலாளிகள் ஆலைகளோடு வந்தார்கள். 1960களின் நடுவில் நாட்டு உற்பத்தியில் ஆலைத் தொழிலின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. 1990களின் நடுவில் அது ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஏற்றுமதியில் 80 சதவிகிதமாக இருந்த எண்ணெயும் எரிவாயுவும் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கின. 1976இல் நூற்றுக்கு 40 பேர் வறுமையில் இருந்தார்கள் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதே கணக்கின்படி 1996இல் நூற்றுக்கு 11 பேர். இது சாதாரணச் சாதனை அல்ல. சாதனையைச் சாதனை என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

பாரத்தைச் சுமந்தவர் யார்?

ஆனால் தோழர்களே, புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. தொழிற்சங்கத்தார் இந்த இடத்தில்தான் கேள்வியைத் தொடங்க வேண்டும். மலிவான உடுப்பும் மலிவான காலணியும் எப்படி மலிவாயின?

ஜாவாவின் கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் லட்சக்கணக்கில் ஆலைகளுக்கு வந்தார்கள். நாட்டில் அரசாங்கம் அங்கீகரித்த சங்கம் ஒன்றே ஒன்றுதான். அதன் கடிவாளமும் அரசாங்கத்தின் கையில். வேலைநிறுத்தம் என்றால் பட்டாளம் வந்து பேச்சு வார்த்தையில் உட்காரும். சந்தையைத் திறந்து விட்டவர்கள், தொழிலாளியின் வாயை மட்டும் பூட்டியே வைத்திருந்தார்கள். பருத்தி தடையின்றி வந்தது, மூலதனம் தடையின்றி வந்தது; தொழிலாளிக்கு மட்டும் கூட்டம் கூட உரிமை இல்லை.

கிழக்கு ஜாவாவில் சிடோஆர்ஜோ பகுதியில், கைக்கடிகார ஆலை ஒன்றில் வேலை செய்த பெண் மார்சினா. நாள் கூலி 1,700 ருப்பியாவை 2,250 ஆக்க வேண்டும் என்று 1993 மே மாதம் அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாநில ஆளுநரே கூலியை உயர்த்தும்படி முதலாளிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். 13 தொழிலாளர்களை இராணுவ அலுவலகத்துக்கு அழைத்து, ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தோழர்களைப் பற்றி விசாரிக்கப் போன மார்சினா அன்றிரவு காணாமற்போனார். சில நாட்களுக்குப் பின் சித்திரவதைக் காயங்களோடு அவருடைய உடல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24. வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை 1995இல் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கொன்றவர் யார் என்று இன்றுவரை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்படவில்லை.

2025 நவம்பர் 10ஆம் நாள் மார்சினாவுக்கு நாட்டின் தேசிய வீரர் பட்டம் வழங்கப்பட்டது. அதே நாளில், அதே மேடையில், சுகார்த்தோவுக்கும் அந்தப் பட்டம் வழங்கப்பட்டது. இதற்கு மேல் நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

1992இல் முக்தார் பாக்பாஹான் என்ற வழக்கறிஞர் சுதந்திரமான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அங்கீகாரம் தர அரசாங்கம் மறுத்தது. 1994 ஏப்ரலில் மேடான் நகரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தப் போராட்டத்தில் வன்செயலும் கலந்தது. சீன வியாபாரிகள் தாக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். அது கண்டிக்கத்தக்கது. ஆனால் பேசுவதற்கு வாசல் இல்லாத இடத்தில் கோபம் தவறான வழியில் வெடிக்கும் என்பதையும் மறக்கலாகாது. பாக்பாஹான் சிறை சென்றார்.

காடும் பாரம் சுமந்தது. எண்ணெயின் இடத்தில் ஒட்டுப்பலகையும் காகிதக் கூழும் செம்பனையும் வந்தன. மரம் சாய்ந்தது, வெட்டிய இடத்துக்குத் தீ வைத்தார்கள். 1997இல் அந்தப் புகை நீரிணையைத் தாண்டி நம் தோட்டங்களின்மேல் வாரக் கணக்கில் கவிந்து நின்றதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

1998: கணக்குத் தீர்ந்த ஆண்டு

1988 அக்டோபரில் பாங்குத் தொழிலைத் திறந்துவிட்டார்கள். 1,000 கோடி ருப்பியா மூலதனம் உள்ள எவரும் பாங்கு தொடங்கலாம். ஆறு ஆண்டுகளில் பாங்குகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகியது. பெரிய முதலாளிகள் தங்களுக்கென்று ஆளுக்கொரு பாங்கு வைத்துக்கொண்டு, மக்கள் போட்ட பணத்தைத் தங்கள் கம்பெனிகளுக்கே கடனாகக் கொடுத்துக்கொண்டார்கள். மேற்பார்வை பலவீனமாக இருந்தது. மற்றொரு பக்கம், ஜனாதிபதியின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் ஏகபோக உரிமைகள். கிராம்பு வியாபாரம்கூட ஜனாதிபதியின் மகனிடம் போயிற்று. பெயருக்குச் சந்தை, உள்ளே சலுகை.

1997இல் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி இந்தோனேசியாவைத் தாக்கியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ருப்பியா என்றிருந்தது, 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டி, ஜூன் மாதத்தில் 16,000 வரை போயிற்று. அந்த ஆண்டு நாட்டின் மொத்த உற்பத்தி 13 சதவிகிதம் சுருங்கியது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். சேமநிதி என்று சொல்லும்படி பலருக்கு ஒன்றும் இல்லை. வேலையிழந்தோருக்கு உதவித் தொகையும் இல்லை. 1998 மே தொடக்கத்தில் அரசாங்கம் எரிபொருள் விலையை ஏற்றியது. மேடானிலும் ஜகார்த்தாவிலும் கலவரம் மூண்டது. மே 21ஆம் நாள் சுகார்த்தோ பதவி விலகினார்.

பிறகுதான் பூட்டு உடைந்தது. பாக்பாஹான் விடுதலையானார். சங்கம் அமைக்கும் உரிமைபற்றிய உலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 87ஆவது உடன்படிக்கையை இந்தோனேசியா 1998இல் ஏற்றது. 2000இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. எண்ணெயை நம்பாத பொருளாதாரம் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அந்தப் பொருளாதாரத்தில் தொழிலாளிக்குப் பேச உரிமை இவ்வளவு தாமதமாகத்தான் வந்தது.

அதற்குப் பின்

நாம் ஒரு விசித்திரத்தையும் பார்க்க வேண்டும். 2004 வாக்கில் இந்தோனேசியா, விற்பதைவிட அதிகமாக எண்ணெய் வாங்கும் நாடாகிவிட்டது. பழைய வயல்கள் வற்றின, வாகனங்கள் பெருகின. 2009இல் ஒபெக்கிலிருந்து ஒதுங்கியது. 2016இல் மறுபடி சேர்ந்து அதே ஆண்டில் மறுபடியும் ஒதுங்கியது. ஆனால் மலிவான எண்ணெய் என்ற பழக்கம் மட்டும் போகவில்லை. வெளிநாட்டில் அதிக விலைக்கு வாங்கி, உள்நாட்டில் குறைந்த விலைக்கு விற்க அரசாங்கம் கோடி கோடியாகக் கொட்டியது. கார் வைத்திருப்பவருக்கே அதில் அதிகப் பங்கு போயிற்று.

2005 அக்டோபரில் பெட்ரோல் விலை 2,400 ருப்பியாவிலிருந்து 4,500 ஆயிற்று; மண்ணெண்ணெய் 700இலிருந்து 2,000 ஆயிற்று. ஏழை அடுப்பு எரிவது மண்ணெண்ணெயில். ஆகவே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 1 லட்சம் ருப்பியா என்ற கணக்கில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். பட்டியலில் குறைகள் இருந்தன. தகுதியுள்ள பலர் விடுபட்டார்கள். இருந்தாலும் 1998க்கும் 2005க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முன்னதில் விலையை மட்டும் ஏற்றினார்கள், ஆட்சியே கவிழ்ந்தது. பின்னதில் விலையோடு உதவியும் போயிற்று. எதிர்ப்பு இருந்தது, ஆனால் நாடு தாங்கிக்கொண்டது.

இன்று இந்தோனேசியா உலகிலேயே மிக அதிகமாகச் செம்பனை எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு. நிலக்கரியும் நிக்கலும் பெருமளவில் தோண்டி எடுக்கிறது. 2020இல் நிக்கல் தாதுவை அப்படியே வெளியே அனுப்பத் தடை விதித்து, உள்நாட்டிலேயே உருக்கச் செய்தது. சரக்கைக் கச்சாவாக விற்காமல் பண்டமாக்கி விற்க வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. ஆனால் 2023 டிசம்பர் 24ஆம் நாள் சுலாவேசியில் மோரோவாலி என்ற இடத்தில் நிக்கல் உருக்காலையில் தீ வெடித்து 21 தொழிலாளர்கள் மாண்டார்கள். சரக்கு மாறினாலும் தொழிலாளியின் பாதுகாப்புத் தானாக வந்துவிடுவதில்லை.

2020இல் வேலை உருவாக்கச் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. வேலை நீக்கத்துக்கான நஷ்டஈட்டையும் குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்பையும் அது தளர்த்தியது. முதலீடு பெருக இது தேவை என்றார்கள். இம்முறை தொழிலாளர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. ஊர்வலம் போனார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2024 அக்டோபர் 31ஆம் நாள் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கைகளில் பலவற்றை ஏற்றுத் தீர்ப்பளித்தது. மார்சினாவின் காலத்தில் இதைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, விலை உயர்ந்திருக்கும் காலத்திலேயே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். விலை விழுந்த பிறகு தொடங்கினால், தொழிலாளியின் கூலியில்தான் முதல் வெட்டு விழும். 1978இல் செய்தது 1986இல் காப்பாற்றியது.

இரண்டாவது, ஒற்றைச் சரக்கில் வந்த பணம் நிலம், பள்ளி, தொழில் திறமை ஆகியவற்றில் போக வேண்டும். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சந்தையைத் திறப்பது மட்டும் போதாது. சுங்கவாசலில் லஞ்சத்தை ஒழித்தது போல், ஏகபோகத்தையும் ஒழிக்க வேண்டும். பாங்குக்கு மேற்பார்வை வேண்டும். வேலையிழந்தவனுக்குக் கைப்பிடி வேண்டும்.

நான்காவதும் முக்கியமானதும் இது. மாற்றத்தின் பாரத்தை யார் சுமப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் தொழிலாளிக்கும் நாற்காலி வேண்டும். அந்த நாற்காலியைச் சங்கம்தான் பெற்றுத்தர முடியும்.

இறுதியாக ஒன்று. நம் தோட்டங்களில் இன்று நம்மோடு வேலை செய்பவர்களில் ஜாவாவிலிருந்தும் லொம்போக்கிலிருந்தும் சுலாவேசியிலிருந்தும் வந்தவர்கள் பலர். "இவர்கள் வந்ததால்தான் நம் கூலி ஏறவில்லை" என்று சிலர் பேசுகிறார்கள். இதுவரை நாம் பார்த்த கதை அவர்களுடைய வீட்டுக் கதை. ஆலை மூடியதால் சிலர் வந்தார்கள்; நிலம் போனதால் சிலர் வந்தார்கள்; பிள்ளையைப் படிக்கவைக்கப் பலர் வந்தார்கள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் இதே காரணங்களால்தான். கூலியைக் குறைப்பது அவர்களுடைய வருகை அல்ல, அவர்கள் சங்கத்துக்கு வெளியே தனித்து நிற்பதுதான். சட்டப்படி அவர்களும் சங்கத்தில் சேரலாம். அவர்களிடம் மார்சினாவைத் தெரியுமா என்று கேளுங்கள். அந்தப் பேச்சிலிருந்து சங்கப் பேச்சைத் தொடங்குங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, நம்மில் ஒவ்வொருவரும் பக்கத்து நிரையில் மரம் சீவும் அப்படிப்பட்ட ஒரு தோழரையாவது அழைத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.